லாந்தர்ஸ் கோப்பை வென்ற குளிர்காலம்

ஸ்லேட் லேக் லாந்தர்ஸ் என்று ஒரு ஐஸ் ஹாக்கி கிளப் இருந்தது. நான் அதில் பின்வரிசையில் ஆடினேன். என் பெயர் வில்ஃப் கேரட்டி. ஒண்டாரியோவின் வடக்கே இன்று எங்கள் கிளப்பைப் பற்றிக் கேட்டால் இளவட்டங்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். வயதானவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ஊர் ஒரு வெள்ளிச் சுரங்க ஊர். சுரங்க முதலாளி ஹோரஸ் பெல்டிங்தான் கிளப்பைத் தொடங்கினார். பக்கத்து ஊர் முதலாளியிடம் ஓர் அணி இருந்தது, அவரிடம் இல்லை. அதைத் தவிர வேறு காரணம் கிடையாது. முதல் வருடம் சுரங்கக் கூலிகளுக்கே சறுக்குக் காலணி மாட்டி இறக்கிவிட்டார். ஆடிய ஆட்டமெல்லாம் தோல்வி. ஒரு ஆட்டத்தில் கோல்கீப்பர் பாதியிலேயே வெளியேறி, கால் காப்புகளைக்கூடக் கழற்றாமல் ஸ்டேஷனுக்கு நடந்து போய் ரயிலேறிவிட்டான் என்பார்கள். அதற்குப் பிறகு பெல்டிங் மான்ட்ரியலுக்கும் ஆட்டவாவுக்கும் ஆள் அனுப்பி, சம்பளத்துக்கு ஆடுகிறவர்களைக் கொண்டுவந்தார். நானும் அப்படி வந்தவன்தான். மார்பில் சிவப்பு லாந்தர் பின்னிய கம்பளிச் சட்டையை முதல் நாள் போட்டபோது அது எனக்குப் பெரிதாக இருந்தது.

எங்கள் ஆட்ட அரங்கம் ஒருமுறை எரிந்தது. அந்த வருடம் முழுக்க ஏரியின் மேலேயே ஆடினோம். காற்று பலமாக அடித்தால், பந்துக்குப் பதில் நாங்கள் அடிக்கிற ரப்பர் வில்லை அதுவாகவே கோலுக்குள் போய்விடும். அப்படி ஆடித்தான் வடக்கு லீகை முதல் முறையாக வென்றோம். மறுவருடமும் வென்றோம். யுத்தத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் பெரிய கோப்பைக்கான இறுதி ஆட்டம் வரை போய் ஒரே ஒரு கோலில் தோற்றோம். பிறகு யுத்தம் வந்தது. எங்களில் ஐந்து பேர் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். திரும்பி வந்தவர்கள் இருவர். அதில் ஒருவன் எங்கள் கேப்டன் அலாஸ்டர் கின்னர்ட்.

யுத்தத்தின் கடைசி வருடத்தில் அந்தக் காய்ச்சல் வந்தது. மரவெட்டிகளின் முகாம்களில் காலையில் கோடரியோடு போனவன் மூன்றாம் நாள் சவப்பெட்டிக்குள் வந்தான். ஸ்லேட் லேக் ஒரு காரியம் செய்தது. ஸ்டேஷனில் துப்பாக்கியோடு ஆள் நிறுத்தி, ஒருவரையும் இறங்கவிடவில்லை. தகப்பனைப் புதைக்க வந்த மகள் ஒருத்தியைக்கூட அதே ரயிலில் திருப்பி அனுப்பினார்கள். அவள் ஜன்னலில் முகத்தை வைத்து அழுதுகொண்டே போனதை ஊரே பார்த்தது. கொடுமைதான். ஆனால் சுற்றுவட்டாரத்தில் காய்ச்சலுக்குச் சவக்குழி தோண்டாத ஊர் எங்களுடையது மட்டும்தான்.

அந்தக் கதவை ஹாக்கிக்காகத் திறந்தார்கள். ஜனவரியில் லீகை மறுபடி தொடங்குகிறார்கள் என்று செய்தி வந்ததும் பெல்டிங் ஊர்க்கூட்டம் போட்டார். "காய்ச்சல் ஓஞ்சுபோச்சு. நாம மட்டும் எலி மாதிரி வளைக்குள்ள எத்தனை நாள் கெடக்கிறது?" என்றார். கைதூக்கச் சொன்னார். எல்லாக் கையும் உயர்ந்தது. துப்பாக்கியோடு நின்றவனும் தூக்கினான்.

நாங்கள் அந்த வருடம் ஆடியதுபோல் எந்த வருடமும் ஆடியதில்லை. வடக்கு லீகில் ஒரு ஆட்டம்தான் தோற்றோம். பிப்ரவரிக் கடைசியில் இறுதித் தொடருக்காகத் துறைமுக நகரத்துக்குப் போனோம். மூன்று ஆட்டம். இரண்டு வென்றால் கோப்பை.

அரங்கத்துக்குள் நுழைந்தோம். ஆயிரக்கணக்கான பேர் வாயையும் மூக்கையும் வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கத்தியபோது அது கத்தலாகவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ முனகுவதுபோல் இருந்தது.

"என்னடா இது, கொள்ளைக்காரக் கூட்டத்துக்கு முன்னாடி ஆடுற மாதிரி இருக்கு," என்றான் எங்கள் கோல்கீப்பர் ஒவிலா திபோ. அவன் எதையும் சிரித்தே பேசுகிறவன். தலையில் அடி வாங்கித் தையல் போட்டுக்கொள்ளும்போதும் வைத்தியரிடம் "அழகாப் போடுங்க, எனக்கு இன்னும் கல்யாணம் ஆவல" என்பான்.

முதல் ஆட்டத்தை அந்த நகரத்து அணி வென்றது. இரண்டாம் ஆட்டத்தில் அவர்கள் வரிசையில் இரண்டு பேர் இல்லை. மூன்றாம் ஆட்டத்தில் மேலும் இரண்டு பேர் இல்லை.

"காயமா?" என்று அவர்கள் ஆள் ஒருவனைக் கேட்டேன்.

"சளி," என்றான். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கின்னர்ட் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினான், மறுபடி கழற்றினான்.

இரண்டாம் ஆட்டத்தை வென்றிருந்தோம். மூன்றாவதின் கடைசிப் பகுதியில் ஒவிலாவின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டத் தொடங்கியது. வில்லை படவில்லை, மட்டையும் படவில்லை, தானாகவே கொட்டியது. கோல் கூட்டுக்கு முன்னால் பனிக்கட்டி சிவந்துபோயிற்று. நான் அருகே சறுக்கிப் போனேன்.

"எனக்கு முன்னாடியே என் மூக்கு கொண்டாட ஆரம்பிச்சிடுச்சு, பாரு," என்றான். சிரித்தான். பல்லெல்லாம் சிவப்பு. "போடா, உன் இடத்துக்குப் போ. எவனையும் உள்ள விடாதே."

ஒருவனையும் விடவில்லை. நாங்கள் வென்றோம்.

உடைமாற்றும் அறையில் பெல்டிங் கோப்பை நிறைய ஷாம்பெயின் ஊற்றினார். எங்கள் கிளப்பில் எதைக் குடித்தாலும் முதல் மடக்கு கோல்கீப்பருக்கு. ஒவிலா இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தான். பிறகு கை மாறிக் கை மாறி எல்லோரும் குடித்தோம். பெல்டிங்கும் குடித்தார். அழக்கூடச் செய்தார். பதின்மூன்று வருடமாக அவர் எதிர்பார்த்திருந்த நாள் அது.

மறுநாள் காலை ரயிலில் ஒவிலா போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். "நேத்துக் குடிச்சது ஒத்துக்கல," என்றான். மதியத்துக்குள் பேச்சு குழறியது. கின்னர்ட் அவனை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிக் காது மடலைப் பார்த்தான். நகங்களைப் பார்த்தான். இரண்டும் நீலமாகிக்கொண்டிருந்தன, மை தொட்டு வைத்ததுபோல.

கின்னர்ட் எழுந்து என்னை ஒதுக்கமாக அழைத்தான். அவன் குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லை.

"பட்டாளத்துலேர்ந்து கப்பல்ல திரும்பி வரும்போது பாத்தேன், வில்ஃப். இந்த நிறம் வந்தவன் ஒருத்தன்கூடக் கரை எறங்கல. தினமும் காலைல துணியில சுத்திக் கடல்ல போட்டாங்க."

"ஊருக்குப் போனா வைத்தியம் பாக்கலாமில்ல?"

"ஊருக்கு நாம போகக் கூடாது."

கின்னர்டின் மனைவி மார்கெட் ஸ்டேஷனில் நிற்பாள் என்பது எனக்குத் தெரியும். நாங்கள் புறப்பட்டுப் போன வாரத்தில்தான் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. கின்னர்ட் இன்னும் பார்க்கவில்லை. சேதி வந்த தந்தியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான்.

ஸ்லேட் லேக்குக்கு முன்னால் இன்ஜின் தண்ணீர் பிடிக்கிற ஒரு சிறிய இடம் உண்டு. பைக் சைடிங் என்போம். அங்கே மூடிப்போட்ட மரவெட்டி முகாம் ஒன்று இருந்தது. அடுப்பும் விறகும் இருக்கும். "எல்லாரும் அங்க எறங்குறோம்," என்றான் கின்னர்ட்.

பெட்டிக்குள் கூச்சல் எழுந்தது. பெல்டிங் முகம் சிவந்து எழுந்து நின்றார்.

"என்ன வெளாட்டு இது? ஊரே மேளதாளத்தோட நிக்குது. அரங்கத்துல விருந்து தயார். ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம இந்தக் கோப்பையில ஒரு வாய் குடிக்கணும்னு நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"முதலாளி, அவன் நகத்தைப் பாருங்க."

"அவன எறக்கு. துணைக்கு ரெண்டு பேர எறக்கு. மத்தவங்க எதுக்கு?"

"மத்தவங்க எல்லாரும் அவன்கூடத்தான் சாப்பிட்டோம், தூங்கினோம். நீங்களும்தான்."

"எனக்கு ஒன்னும் இல்ல. குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்," என்றார் பெல்டிங், நெஞ்சில் தட்டிக்கொண்டு.

கின்னர்ட் அவரிடம் மேலே பேசவில்லை. எங்கள் பக்கம் திரும்பினான். "கையைக் காலைப் புடிச்சு யாரையும் எறக்கப் போறதில்ல. யார் வீட்ல யாரு இருக்காங்கன்னு நெனச்சுப் பாத்துக்கோங்க. நான் எறங்குறேன்."

இறங்கினோம். ஒருவன் தரையில் காறித் துப்பினான், ஒருவன் அழுதான். ஆனால் எல்லோரும் இறங்கினோம், ஒவிலாவைப் போர்வையில் தூக்கிக்கொண்டு. பெல்டிங் மட்டும் இறங்கவில்லை. படியில் நின்ற அவரைப் பார்த்து, "ஸ்டேஷன்ல எறங்காதீங்க முதலாளி. விஷயத்த மட்டும் சொல்லிட்டு வண்டியிலயே இருங்க," என்றான் கின்னர்ட். பெல்டிங் சரி என்பதுபோலத் தலையசைத்தார். ரயில் நகர்ந்தது. கோப்பை அவர் இருக்கைக்குப் பக்கத்தில் சிவப்புத் துணி போர்த்தி, ஒரு ஆள்போல உட்கார்ந்திருந்தது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

முகாமில் அடுப்பு மூட்டி ஒவிலாவைப் பக்கத்தில் படுக்க வைத்தோம். அவனுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. பிரெஞ்சில் அம்மாவோடு பேசினான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாகமா இருக்கு. அந்தக் கோப்பையக் குடு. நான்தானே மொதல்ல குடிக்கணும்," என்றான்.

கின்னர்ட் விறகைப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். அவன் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன்.

"முதலாளி எறங்கிடுவாரு," என்றான். "எறங்கி அதே கோப்பையில எல்லாருக்கும் ஊத்திக் குடுப்பாரு."

அங்கே தந்தி கிடையாது. அடுத்த ரயில் மறுநாள்தான். ரயில் பாதை ஏரியைச் சுற்றி வளைந்து போகும். வழியில் மலைச்சரிவில் பனி விழுந்தால் ஒதுக்கிவிட்டுத்தான் போகவேண்டும். ஏரி வழியாக நேராகப் போனால் தூரம் பாதிகூட இல்லை. அந்த வாரம் காற்று பனியைத் துடைத்துவிட்டிருந்தது. ஏரி கண்ணாடிபோல் கிடந்தது.

"யாராவது ஒருத்தர் என்கூட வாங்க. தனியாப் போய் எங்கயாவது விழுந்தா சேதி போகாது," என்றான். நான் சறுக்குக் காலணியை எடுத்தேன்.

எத்தனையோ வருடம் பனிக்கட்டியில் வாழ்ந்தவன் நான். அன்றைக்குப்போல் அதற்குப் பயந்ததில்லை. குளிர் ஏற ஏற ஏரி சத்தம் போட்டது. அடியில் எங்கேயோ ஒரு பெரிய கதவை இழுத்துச் சாத்துவதுபோல் ஒரு ஓசை. அது எங்கள் காலுக்குக் கீழே ஓடி வந்து, எங்களைக் கடந்து ஊர்ப் பக்கமாகப் போகும். சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. கின்னர்ட் குனிந்து, கைகளை வீசி, ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்காமல் போனான். ஆட்டத்தில்கூட அவனை இவ்வளவு வேகமாக நான் பார்த்ததில்லை. நடுவில் ஒருமுறை மட்டும் கத்தினான். "வில்ஃப், கிட்டப் போகக் கூடாது. எவ்வளவு கூப்பிட்டாலும் கரை ஏறக் கூடாது. கேட்டுச்சா?"

கரை தெரிந்தது. முதலில் பேண்டு வாத்தியம் கேட்டது.

மறுபடி கட்டிய எங்கள் அரங்கம் ஏரிக்கரையில் இருந்தது. அதற்கு எதிரே கோடையில் உணவு கெடாமல் வைப்பதற்காகப் பனிப்பாளம் வெட்டி எடுத்த இடம், பெரிய நீள்சதுரமாகக் கறுப்புத் தண்ணீரோடு திறந்து கிடந்தது. சுற்றிலும் எச்சரிக்கைக்காகக் கிளைகளை நட்டு வைத்திருந்தார்கள். நாங்கள் தண்ணீருக்கு இந்தப் பக்கம் நின்றோம். அந்தப் பக்கம் அரங்கத்தின் வாசற்படியில் பெல்டிங் நின்றார், கோப்பையோடு. அவருக்கு முன்னால் வரிசை. கிழவர்கள், பெண்கள், தோளில் குழந்தையோடு ஆண்கள். ஒவ்வொருவராகக் குனிந்து குடித்தார்கள். அவர் ஒவ்வொருவர் முதுகிலும் தட்டினார்.

"நிறுத்துங்க!" என்று கத்தினான் கின்னர்ட். "குடிக்காதீங்க!"

யாரோ எங்களைப் பார்த்தார்கள். "கேப்டன்! கேப்டன் ஏரி வழியா வந்துட்டாரு டோய்!" ஒரே ஆரவாரம். ஜனம் கரையிலிருந்து இறங்கி ஓடிவந்தது. பேண்டு மறுபடி தொடங்கியது. கத்தக் கத்த அவர்களுக்கு அது வேடிக்கையாகவே இருந்தது.

"கிட்ட வராதீங்க! ஒவிலாவுக்குக் காய்ச்சல்! அவன் குடிச்ச கோப்பை அது!"

"ஒவிலாவுக்கு எப்பத்தான் காய்ச்சல் இல்ல?" என்று எவனோ கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். "வாங்க கேப்டன், உங்க பங்கு தீந்துபோவுது!"

தண்ணீரைச் சுற்றி ஓரமாக இரண்டு பேர் வரத் தொடங்கினார்கள். கின்னர்ட் ஒரு கிளையைப் பிடுங்கித் தலைக்கு மேல் ஓங்கினான். "இன்னொரு அடி வச்சா மண்டை ஒடையும்!" அவர்கள் நின்றுவிட்டார்கள். சிரிப்பு அடங்கியது. பேண்டில் ஒரு ஊதுகுழல் மட்டும் கொஞ்ச நேரம் ஊதிவிட்டு நின்றது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மார்கெட் வந்தாள். மார்போடு சால்வையில் குழந்தை. தண்ணீரின் விளிம்பு வரை வந்தாள்.

"அங்கயே நில்லு, மார்கெட்."

"அலாஸ்டர், என்ன ஆச்சு?"

"ஒவிலா செத்துக்கிட்டிருக்கான். கப்பல்ல நடந்ததச் சொன்னேன்ல, அது. நீ குடிச்சியா?"

"இல்ல. நீ வந்தப்புறம் குடிக்கலாம்னு இருந்தேன்."

கின்னர்ட் கிளையைக் கீழே போட்டான். இருவருக்கும் நடுவே கறுப்புத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அவள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு சால்வையை விலக்கிக் குழந்தையை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தாள். குளிருக்குக் குழந்தை வீரிட்டு அழுதது. அவன் கண்ணுக்கு மேல் கையை வைத்து, மறைகிற வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மூடு. குளுருது அதுக்கு," என்றான் கடைசியில்.

மார்கெட் குழந்தையைச் சால்வைக்குள் வைத்தாள். திரும்பி நேராக அரங்கத்தின் படிகளுக்கு நடந்தாள். வழிவிட்டார்கள். பெல்டிங் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு, மறு கையால் கோப்பையின் காதைப் பிடித்து இழுத்தாள். மது அவர் சட்டையெல்லாம் வழிந்தது. தரதரவென்று அதை இழுத்துக்கொண்டு வந்து தண்ணீருக்குள் தள்ளினாள். அது உடனே மூழ்கவில்லை. ஒரு முறை சாய்ந்து, வாயில் தண்ணீர் நிறைந்து, பிறகு போனது.

"பைத்தியக்காரி," என்றார் பெல்டிங். சிரிக்கப் பார்த்தார். இருமினார்.

நாங்கள் திரும்பினோம். பாதி ஏரியில் கின்னர்ட் நின்றான். மூச்சு வாங்கத்தான் நிற்கிறான் என்று நினைத்தேன். முழங்காலில் கையை ஊன்றி இருமினான். நிமிர்ந்தபோது மீசையில் சிவப்பு இருந்தது.

"கொழந்த யாரு மாதிரி இருந்துச்சு, வில்ஃப்? எனக்குச் சரியாத் தெரியல."

"மார்கெட் மாதிரி," என்றேன். எனக்கும் தெரியவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து என்ன தெரியும்?

"நல்லது," என்றான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒவிலா இறந்திருந்தான். அந்த வாரத்துக்குள் இன்னும் இரண்டு பேர். கின்னர்ட் கடைசியில் போனான். எனக்கும் வந்தது. ஏன் பிழைத்தேன் என்று தெரியாது. ஊர்க்காரர்கள் ரயில் பாதையோரம் ரொட்டியும் மருந்தும் வைத்துவிட்டுப் போவார்கள். நாங்கள் எழுந்து போக முடிந்தபோது எடுத்துக்கொள்வோம்.

ஊரில் முதலில் படுத்தது பெல்டிங். அவர் ஐந்து நாள்கூட இருக்கவில்லை. அதன் பிறகு வரிசையில் குனிந்து குடித்தவர்கள். அரங்கத்திலேயே கட்டில் போட்டார்கள். பனிக்கட்டியின் மேல் பலகை பரப்பி, ஆட்டக்காரர்கள் உட்காரும் இடத்தில் சவங்களை வைத்தார்கள். மண் உறைந்து கிடந்ததால் வசந்தம் வரை புதைக்க முடியவில்லை. வரிசையின் பின்பாதியில் நின்றவர்கள், அன்றைக்குக் குடிக்க முறை வராதவர்கள், பெரும்பாலும் தப்பினார்கள். அவர்கள் அப்படியே வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மார்கெட்டும் குழந்தையும் தப்பினார்கள்.

கிளப் அதோடு முடிந்தது. சிவப்பு லாந்தர் சட்டைகளைப் படுக்கைகளோடு சேர்த்து எரித்தார்கள். கோடையில் லீகிலிருந்து ஒரு ஆள் வந்து கோப்பையைக் கேட்டான். மார்கெட் வாசலில் நின்று, "ஏரிகிட்டக் கேளுங்க," என்றாள். திருப்பித் தராததால் அந்த வருடம் வென்றவர் யாருமில்லை என்று லீக் எழுதிக்கொண்டது. வென்ற வடக்கு லீக் பட்டங்களும், ஒரு கோலில் தோற்ற இறுதி ஆட்டமும் எங்கள் பெயரில் இருக்கின்றன. வென்ற கோப்பை இல்லை.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. மகனைப் பறிகொடுத்தவர்கள், மனைவியைப் பறிகொடுத்தவர்கள்கூட நாளடைவில் கோப்பைக்காகத்தான் அதிகம் புலம்பினார்கள். "தண்ணியில அலசிட்டு வச்சிருக்கலாமே. எதுக்கு ஏரியில போட்டா?" என்றார்கள். கடையில் மார்கெட் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். அவள் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு போவாள்.

மறுவருடம் கோடையில் ஆறேழு பேர் படகு, கயிறு, இரும்புக் கொக்கி எல்லாம் எடுத்துக்கொண்டு ஏரியில் இறங்கினார்கள். அரங்கத்தையும் இடித்தாகிவிட்டதால், பாளம் வெட்டிய இடம் எது என்று கோடையில் யாருக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. என்னைத் தேடி வந்தார்கள்.

"நீ தண்ணிக்கு அந்தப் பக்கம் நேருக்கு நேரா நின்னவன். உனக்குத் தெரியாம இருக்காது. எந்த எடம், சொல்லு."

நான் கரைக்கு வந்தேன். மேலே வீட்டு வாசலில் மார்கெட் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் கை அப்படியே நின்றது, என்னைப் பார்த்தாள்.

அது கிடந்த இடத்துக்கு வெகு வடக்கே, பாசி மண்டிய ஒரு வளைவைக் காட்டினேன். அவர்கள் அங்கே போய் இலையுதிர் காலம் வரை கொக்கி போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.